உள்ளே எத்தனை பேர்?

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைத் திறந்து, மூன்று அடைப்புகளுக்கும் மாற்றுப்பாதை போட்டு, திரும்பத் தைத்து அனுப்பினார்கள். "உங்க இதயம் இப்ப புதுசு மாதிரி ஓடுது" என்று டாக்டர் கைகுலுக்கி வழியனுப்பினார். வேறு யாராவது இருந்தால் அந்த வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். இவர் ஆட்டோவில் ஏறிய உடனேயே ஆரம்பித்துவிட்டார்.

"புதுசுன்னு சொல்லலையே. புதுசு மாதிரின்னுதானே சொன்னாரு?"

அந்த "மாதிரி"யைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் தொங்கினார்.

இவர் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். யாராவது பழைய சுவரிலிருந்து நகத்தளவு காரையைப் பெயர்த்துக்கொண்டு வந்து நீட்டினால் போதும், வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு எந்த டப்பாவில் எத்தனை சொட்டு என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அதனால் பசி, கோபம், காய்ச்சல் எதுவானாலும் இவர் வாயில் நிறமாகத்தான் வரும். வீட்டுக்கு வந்த ஏழாவது வாரம் முதல் தடவையாக நெஞ்சு வலிக்கிறது என்று அவசரப் பிரிவுக்கு ஓடினோம். என்ன மாதிரி வலி என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"இளம் ஆரஞ்சு டாக்டர். ஓரத்துல மட்டும் கொஞ்சம் செங்கல்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி ஓடினோம். மறுபடி எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது தடவை போனபோது அங்கிருந்த நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டுப் படுக்கை விரிப்பை அவளாகவே மாற்ற ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் ஆபரேஷன் செய்த டாக்டரே வந்து எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"வலி நிஜம்தான். நீங்க நடிக்கிறீங்கன்னு யாரும் சொல்லல. ஆனா இது இதயத்துலேர்ந்து வரல. வெட்டித் தைச்ச எலும்பு, தசை எல்லாம் ஆறிக்கிட்டு இருக்கு. அங்க சுருக்குனு ஒண்ணு வருது. உடனே பயப்படுறீங்க. பயந்தா மூச்சு வேகமா ஓடும், தசை இறுகும், வலி ஏறும். ஏறினதைப் பார்த்து இன்னும் பயம்."

ஒரு அட்டையை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம்: நடு நெஞ்சில் கனமான அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்வை, மூச்சுத் திணறல், நடந்தால் வருவது. இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் ஆம்புலன்ஸ். வலது பக்கம்: ஒரே இடத்தில் ஊசி குத்துவது, விரலால் அழுத்தினால் கூடுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருவது. இதற்கு உட்கார்ந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். கால் மணி நேரத்தில் அடங்கிவிடும்.

"சந்தேகமா இருந்தா வந்துடுங்க, நான் திட்ட மாட்டேன். அப்புறம் ஒண்ணு. பக்கத்துல இருக்கறவங்க பதறக் கூடாது" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

என்னைப் பார்த்துப் பதறக் கூடாது என்று சொல்கிறார்! என் வேலையே அதுதான். லிஃப்ட் கம்பெனியின் அவசர உதவி மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கம்பெனி லிஃப்ட் எதிலும் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை மூன்று நொடி அழுத்தினால் எங்களுக்கு அழைப்பு வரும். மொத்தம் மூன்று மேசைகள். நான் இரண்டாவது மேசை. பெயர் சொல்ல மாட்டோம், பெயர் கேட்கவும் மாட்டோம். மேசையில் விதிகள் ஒட்டியிருக்கும். முதலில் உள்ளே எத்தனை பேர் என்று கேள். ஏன் என்று கேட்காதே. பயப்படாதீர்கள் என்று சொல்லாதே. லைனை நீ துண்டிக்காதே. எத்தனை பேர் என்று கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கத்திக்கொண்டிருக்கிற ஆள்கூட எண்ணுவதற்காக ஒரு கணம் வாயை மூடுவான்.

ஒரு தடவை பதினோரு பேரும் ஒரு பெரிய நாயும் ஒரே லிஃப்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். நான் நாயையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன். வெளியே வந்தபோது பன்னிரண்டு பேரும் அமைதியாக இருந்தார்கள். அந்த மேசையில் நான் சொன்னால் மனிதர்கள் கேட்பார்கள். உட்காருங்கள் என்றால் உட்காருவார்கள், மூச்சு விடுங்கள் என்றால் விடுவார்கள். வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை மூடி வையுங்கள் என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறேன், இன்னும் நடக்கவில்லை. எனக்கு அந்த மேசை எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஒத்துக்கொள்கிறேன், வீட்டில் என் குரல் வேறு. அலுவலகத்தில் சம்பளத்துக்குத் தாழ்த்துகிறேன். வீட்டில் எதற்குத் தாழ்த்த வேண்டும்? இவர் கை நெஞ்சுப் பக்கம் போனால் போதும், ஆரம்பித்துவிடுவேன்.

"என்னாச்சு? எங்க? எப்பலேர்ந்து? மாத்திரை போட்டீங்களா? ஏன் நிக்கிறீங்க? ஏன் இப்ப உக்காந்துட்டீங்க? வாயத் திறந்து ஏதாவது சொல்றீங்களா இல்லையா?"

முதல் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் செருப்பைப் போட்டிருப்பேன்.

நாலாவது தடவை வலி வந்தபோது நான் மேசையில் இருந்தேன். லைனில் ஒரு குடும்பம், ஐந்து பேர், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். என் செல்போன் அதிர்ந்தது. எடுத்தால் இவர்.

"செங்கல்" என்றார். அவ்வளவுதான்.

நான் அந்த ஐந்து பேரிடமும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். பத்தொன்பது வருஷத்தில் செய்யாத பாவம். ஒன்பது நிமிஷம் கழித்து மூன்றாவது மேசைப் பெண் கவனித்து அந்த அழைப்பை எடுத்தாள். அதற்குள் உள்ளே இருந்த பெரியவர் வீட்டை யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டாராம், மருமகன்கள் இருவரும் உள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்களாம். இவருக்கோ, ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருந்தது.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், மணிக்கட்டைத்தான் பார்ப்பார்.

"உங்களுக்கு லீவு ஒண்ணும் பாக்கி இல்ல. இன்னொரு தடவ இப்படி ஹெட்போனைக் கழட்டிட்டுப் போனீங்கன்னா, திரும்பி வர வேண்டாம். மேசைக்கு வேற ஆள் போட்டுடுவேன். நான் கெட்டவன் இல்லம்மா, ஆனா லிஃப்டுக்குள்ள இருக்கறவங்களும் மனுஷங்க."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"உங்க நெஞ்சு வலியால என் வேலை போகப் போகுது, தெரியுமா?"

பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கும். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வலிக்கிற மனிதனிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது? ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். இவர் சுவரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாளிலிருந்து வலி நின்றுவிட்டது.

நிஜமாகத்தான். பதினோரு மணிக்குப் போன் செய்வேன். "எப்படி இருக்கு?" "வெள்ளை." நாலு மணிக்குச் செய்வேன். "இப்ப?" "பளிச்சுனு வெள்ளை." ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர்கள் அட்டையும் கோடுமாகச் செய்ய முடியாததை நான் ஒரே கத்தலில் செய்துவிட்டேன். சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் இலவச ஆலோசனை வழங்க ஆரம்பித்தேன்.

"ஆம்பளைங்களுக்கு இந்தப் பயமெல்லாம் இடம் கொடுத்தா வரும். கொஞ்சம் கண்டிப்பா இருந்தா தானா ஓடிடும்."

இதே நாட்களில் மூன்றாவது மேசைப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் சேர்ந்திருந்தார். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆன பெண் அவள். நான் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவேன், ஒன்றே முக்காலுக்குத் திரும்புவேன். திரும்பும்போது அவள் முகம் கனிந்துபோய் இருக்கும்.

"இன்னிக்கும் என் லிஃப்ட் சார் கூப்பிட்டாருக்கா. டாண்ணு ஒண்ணே காலுக்கு."

"என்னதான் பேசுவாரு தினமும்?"

"அதை வெளியில சொல்லக் கூடாதே, விதி இருக்கே. ரொம்ப பயந்த மனுஷர்க்கா. பத்து நிமிஷம் பேசினா சரியாயிடுவாரு. பாவம், வீட்ல ஆறுதலாப் பேச ஆளில்ல போல."

"ஏன், பொண்டாட்டி இல்லையா?"

"இருக்காங்களாம்."

"இருந்தும் புருஷன் லிஃப்டுல போய் உக்காந்து ஊர் பேர் தெரியாத பொண்ணுகிட்டப் பேசுறாருன்னா, அவ எல்லாம் ஒரு பொண்டாட்டியா?" என்றேன் நான். வாய் நிறையச் சோறு வேறு மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை எங்கள் மெக்கானிக் உள்ளே வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. மஞ்சள் பொத்தான் அழுத்தப்பட்டால், பேசி முடித்து எல்லாம் நலம் என்றாலும், ஒரு மணி நேரத்துக்குள் மெக்கானிக் நேரில் போய் லிஃப்டைப் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். அவர் ஒன்பது சீட்டுகளைக் கடிகாரத்தின் மேசையில் பரப்பினார். ஒன்பதிலும் "பழுது இல்லை" என்று எழுதியிருந்தது. கடைசிச் சீட்டில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.

"ஒம்போது நாளா ஒரே லிஃப்டு சார். என் சாப்பாட்டு நேரத்துல. போய்ப் பார்த்தா ஜம்முனு ஓடுது, உள்ள ஈ காக்கா இல்ல. ஒரு நாள் மட்டும் மடக்கு நாற்காலி ஒண்ணு இருந்துச்சு. எவனோ என்னை வச்சு விளையாடுறான்."

கடிகாரம் சீட்டில் இருந்த விலாசத்தைப் படித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது எங்க பில்டிங் சார்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குற்றவாளி யார் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். மூன்றாம் மாடிக்காரர். குப்பைப் பையை லிஃப்டிலேயே மறந்துவிட்டுப் போகிற ஆள். மடக்கு நாற்காலி எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் எந்த வீட்டில்தான் இல்லை?

"இன்னும் ரெண்டு நாள் பாப்பேன். அதுக்கு மேல போச்சுன்னா குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார் எழுதி, லிஃப்டை நிறுத்தி வச்சிடுவேன்" என்றார் கடிகாரம்.

"வேண்டாம் சார், நாளைக்கு அந்த அழைப்பை நான் எடுக்கிறேன். கையும் களவுமாப் பிடிச்சுக் குடுக்கிறேன்."

"பாவம்க்கா, விட்டுடுங்க" என்று மூன்றாவது மேசை கெஞ்சியது. நான் விடுகிற ஆளா?

மறுநாள் ஒரு மணிக்கு அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிகாரம் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு மணிக்கட்டைப் பார்த்தார். மூன்றாம் மாடிக்காரரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக மனசில் அடுக்கி வைத்திருந்தேன், குப்பைப் பை உட்பட. ஒன்றே கால் ஆனது. மணி அடித்தது. திரையில் எங்கள் லிஃப்டின் எண்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் முதல் வாக்கியம் விதிப்படிதான் வரும். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"வணக்கம். லிஃப்ட் உதவி மேசை. உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஒருத்தர்தாம்மா. நான் மட்டும்தான்."

இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் என்னிடம் திட்டு வாங்குகிற குரல்.

என் கை ஹெட்போனுக்குப் போனது. கழற்றி எறிந்துவிட்டு ஓட வேண்டும், வீடு கால் மணி நேர தூரம்தான். கால்கள் தரையில் ஊன்றிக்கூட விட்டன. பின்னால் கடிகாரம் நிற்கிறார். கழற்றினால் வேலை போகும். அதைவிட, நான் ஓடிப் போய்ச் சேர்கிற கால் மணி நேரமும் அவர் அந்தப் பெட்டிக்குள் தனியாக, செத்துப்போன ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தேன்.

"வெளிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா. லிஃப்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏழாவது மாடியில நிக்குது, இங்க இந்த நேரத்துக்கு யாரும் வர மாட்டாங்க. நேத்துப் பேசின அம்மா இல்லையா?"

"சாப்பிடப் போயிருக்காங்க. நான் ரெண்டாவது மேசை. என்கிட்ட சொல்லலாம்."

அவருக்கு அடையாளம் தெரியவில்லை! கட்டின மனைவியின் குரல் தெரியவில்லை! மேசை எண்ணை நான் வீட்டில் சொன்னதில்லை, அது சரி. ஆனால் நான் இப்படித் தாழ்ந்த குரலில் பேசி அவர் கேட்டதே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"நெஞ்சுல வலிம்மா. ஆபரேஷன் ஆகிப் பன்னெண்டு வாரம் ஆச்சு. இதயத்துல ஒண்ணும் இல்லை, பயம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அட்டை கையிலதான் இருக்கு."

அட்டையின் இடது பக்கத்தை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்தது. என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"கனமா அழுத்துதா?"

"இல்ல. ஊசி மாதிரி, தையல் பக்கத்துல ஒரே இடம்."

"கைக்கோ தாடைக்கோ போகுதா?"

"இல்ல."

"வேர்க்குதா, மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. சும்மா டி.வி. பார்த்துக்கிட்டு இருந்தேன், வந்துடுச்சு."

"என்ன நிறம்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. பின்னால் கடிகாரம் தொண்டையைச் செருமினார்.

"நிறமா?" என்றார் இவர், மெதுவாக.

"சில பேர் நிறமாச் சொல்வாங்க."

"அப்படியா! நான் மட்டும்தான்னு நினைச்சேன். ஆரஞ்சும்மா. இளம் ஆரஞ்சு."

நாலு எண்ணி இழுக்கச் சொன்னேன், ஆறு எண்ணி விடச் சொன்னேன். நான்தான் எண்ணினேன். மூன்றாவது சுற்றில் நானும் சேர்ந்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. ஆறேழு சுற்றுக்குப் பிறகு விதியில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"வீட்ல சொல்லலாமே?"

"பொண்டாட்டி வேலைக்குப் போயிருக்கா. உங்க ஆபீஸ்தான். தயவு செஞ்சு சொல்லிடாதீங்க, அவ சாப்பிடப் போற நேரமாப் பார்த்துத்தான் கூப்பிடுறேன். சொன்னா குக்கர் விசில் மாதிரி ஆரம்பிச்சிடுவா. நான் ஒரு பதில் சொல்றதுக்குள்ள ஒம்போது கேள்வி."

ஏழுதான் கேட்பேன். அதை அங்கே வாதாட முடியவில்லை.

"விசில் பரவாயில்லம்மா, பழகிடுச்சு. நான் நெஞ்சுல கை வச்சதும் அவ முகம் சுண்ணாம்பா வெளுத்துடும். இத்தனை வருஷத்துல எத்தனையோ வெள்ளை கலக்கி இருக்கேன், அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்ததே இல்ல. ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போனப்ப கடைசியாப் பார்த்தது அந்த முகம்தான். அதைத் திரும்பப் பார்த்தா என் ஆரஞ்சு செங்கல் ஆயிடும். என் வலியை விட அவ முகம்தான் எனக்குப் பயம்."

ஹெட்போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அதோட, அவளுக்கு அந்த வேலைன்னா உசிரு. சாயங்காலம் வந்ததும் இன்னிக்கு எத்தனை பேரை வெளிய கொண்டு வந்தேன்னு கணக்குச் சொல்லுவா. அப்ப அவ முகத்தைப் பார்க்கணுமே. என்னால அது போச்சுன்னா, இந்த இதயம் நல்லா ஓடி என்னம்மா பிரயோஜனம்?"

கண் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சினால் லைனில் கேட்கும். உறிஞ்சாமல் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஒன்பது நாளாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏழாவது மாடிக்குப் போயிருக்கிறார்.

"இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன். லைனை நான் துண்டிக்க மாட்டேன். இப்ப எப்படி இருக்கு?"

"வெளுத்துடுச்சு. ஒரு விஷயம் சொன்னாத் தப்பா நினைக்க மாட்டீங்களே? மூணாவது மேசை அம்மா தங்கமானவங்க, ஆனா கொஞ்சம் அவசரம். உங்க குரல்லதான் ஒரு நிதானம் இருக்கு. உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரு."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

லைன் அடங்கியதும் கடிகாரம் கேட்டார். "யாரு, மூணாம் மாடியா?"

"ஒரு பயந்த மனுஷர் சார். பழுது இல்லை. இனிமே வராது, நான் பொறுப்பு."

"திங்கக்கிழமை ஒண்ணே காலுக்கு மணி அடிச்சா?"

"அடிக்காது."

அப்போதுதான் அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போகும்போது அழுகை வடிந்து கோபம் வந்துவிட்டது. எவளோ ஒருத்தி ஒன்பது நாளாக என் புருஷனுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், நான் அவளிடமே போய் அவ எல்லாம் ஒரு பொண்டாட்டியா என்று கேட்டிருக்கிறேன். கதவைத் திறந்தேன். மடக்கு நாற்காலி ஒன்றும் தெரியாதது போலச் சுவரில் சாய்ந்திருந்தது.

"இன்னிக்கு எப்படி?"

"வெள்ளை" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அலுவலகக் குரலைப் பழகிப் பார்த்தேன். கண்ணாடியிடம் நன்றாக வந்தது. வெளியே வந்து, தரையில் கிடந்த ஈரத் துண்டைப் பார்த்ததும் போய்விட்டது. சனிக்கிழமை முழுக்க இப்படித்தான். மேசையில் முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் வருகிற குரல், முகம் தெரிந்த ஒரே ஆளிடம் வர மாட்டேன் என்கிறது. பயம்தான் காரணம். அந்த ஆயிரம் பேரில் யாரை இழந்தாலும் எனக்கு வீடு இருக்கும். இவர் போனால் எனக்கு எது வீடு?

ஞாயிற்றுக்கிழமை காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் எதிரே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கம் ரொம்ப நேரமாகத் திரும்பவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். வலது கை சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் போனது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் காதைச் சொறிவது போலக் கை மேலே ஏறியது. எழுந்தார். மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெயிட் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதைச் சொல்ல வாய் துடித்தது.

"மாடிக்குப் போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

நான் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். என்னாச்சு, எங்க, எப்பலேர்ந்து என்று ஏழு கேள்வியும் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. என் முகம் வெளுக்கத் தொடங்குவது எனக்கே தெரிந்தது. கண்ணை மூடி, நாலு எண்ணி இழுத்தேன். ஆறு எண்ணி விட்டேன். லிஃப்டில் இருப்பவர்களிடம் சொல்வது போலவே, முதுகைக் கதவில் தேய்த்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன்.

"வணக்கம்" என்றேன். "லிஃப்ட் உதவி மேசை. உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?"

அவர் அப்படியே நின்றார். காரைத் துண்டை வெளிச்சத்தில் வைத்து நிறம் கண்டுபிடிக்கும்போது பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் காது மடல் சிவந்தது, அப்புறம் முகம் முழுக்கச் சிவந்தது.

"ரெண்டாவது மேசை" என்றார்.

"ஆமா."

"அன்னிக்கு நான் குக்கருன்னு..."

"கேட்டேன். அதை அப்புறம் தனியாப் பேசிக்கலாம். அழுத்துதா, கைக்குப் போகுதா?"

"இல்ல. ஊசிதான். ஒரே இடம்."

"சரி. எத்தனை பேர்னு கேட்டேனே, இன்னும் பதில் வரல."

நாற்காலியைக் கதவு பக்கத்திலேயே விரித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கை தோளிலேயே இருந்தது. ஜன்னலைப் பார்த்தார், பாதி மடித்த துணிகளைப் பார்த்தார், மூடாத எண்ணெய் பாட்டிலைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தை நன்றாக, பயமில்லாமல் பார்த்தார்.

"ரெண்டு பேர்" என்றார்.

நான் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தேன்.